அண்ணை பூசிய தேங்காயெண்ணெய்

பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பல் சாப்பாட்டுக் கடையொன்றில் சமையல் வேலை செய்யும் அண்ணையோடு பனிமலை ஏறப் போகிறேன் என்றால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அண்ணை கூடப்பிறந்தவர் அல்ல. இந்த நகரத்தில் எனக்கு முதன்முதலாகப் படுக்க இடம் தந்தவர். குளிர்காலத்தில் கடைக்கு விடுமுறை கிடைக்கும்போது மூன்று பேராக ரயிலேறுவோம். மூன்றாமவர் தபால் அலுவலகத்தில் வேலைபார்க்கும் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பனியில் சறுக்கப் பழகியவர். நாங்கள் விழ விழச் சிரித்துக்கொண்டே எங்களுக்கும் பழக்கிவிட்டார்.

நாங்கள் போகும் மலைகளில் ஏற்றிவிட லிஃப்ட் கிடையாது. சறுக்குப் பலகையின் அடியில் பசையுள்ள நீளப் பட்டையை ஒட்டிக்கொண்டு காலால்தான் ஏறவேண்டும். பட்டை முன்னே வழுக்கும், பின்னே வழுக்கவிடாது. உச்சியில் அதை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவோம். பசை போனால் ஏற்றமும் போச்சு.

அந்தக் குளிர்காலம் மனைவி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என்னை விட்டுப் போய்விட்டிருந்தாள். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. விமான நிலையத்தில் அவர்களுடைய பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தேன், கூசேன்வில் அறைக்கு வந்து படுத்தேன். அண்ணை "வெளிக்கிடடா" என்றார், வெளிக்கிட்டேன். வேறு காரணம் இல்லை.

மலையடியில் அண்ணை முதலில் தன் பட்டைகளை ஒட்டி முடித்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். தேங்காயெண்ணெய். உறைந்துவிடும் என்று நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"காலைக் காட்டு. எண்ணெய் பூசினாக் குளிர் ஏறாது."

"அண்ணை, பனிமலைக்கு வந்தோ எண்ணெய் வைக்கிறது?"

"வாயை மூடிக்கொண்டு காட்டு."

காட்டினேன். அப்போது என்மேல் அவ்வளவு அக்கறைப்பட வேறு ஆள் இல்லை. விரலிடுக்கெல்லாம் பூசி, என் காலுறைக்கு மேலே தன்னுடைய கம்பளிக் காலுறையையும் இழுத்துவிட்டார். சப்பாத்து இறுகியது. வாய் திறந்து சொல்லப் பஞ்சியாக, அலுப்பாக இருந்தது. அதோடு விட்டாரா? அதே கையால் என் பட்டைகளையும் ஒட்டித் தந்தார்.

பாதி ஏற்றத்தில் இடது பட்டை உரிந்து தொங்கியது. கொஞ்சத்தில் வலதும். புதுச்சேரிக்காரர் அதைத் தடவி மூக்கருகே கொண்டுபோனார். "இன்னாப்பா இது, தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசனை அடிக்குது?" என்றார். அண்ணை தன் கைகளைப் பார்த்தார்.

பெட்டி ஒட்டும் நாடாவைச் சுற்றிப் பார்த்தோம். கொஞ்சத் தூரம் தாங்கி அறுந்தது. கீழே மூடுபனி, இறங்க வழி தெரியவில்லை. மேலேயிருந்த மலைக்குடில்தான் பக்கம். பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தொடைவரை புதையப் புதைய நடந்தேன். பாதம் முதலில் வலித்தது. பிறகு வலி நின்றது. நல்லதாகப் போச்சு என்று நினைத்தேன்.

குடிலில் அண்ணை என் சப்பாத்தைக் கழற்றினார். விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. நோவு வந்தால்தான் விரல் தப்பும் என்றார் புதுச்சேரிக்காரர். அண்ணை சட்டையைத் தூக்கி, என் பாதங்களைத் தன் வெறும் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"நோகுதே?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லை, அண்ணை."

கேட்டுக் கேட்டு அவர் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுவதைச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வலது கால் தீயாக எரியத் தொடங்கியது. நான் கத்த, அவர் சிரித்தார். இடது காலின் இரண்டு விரல்களுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

விரல்களை வெட்டத் தேவையில்லை, உணர்ச்சி திரும்புமா என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். இப்போது என் பையில் பட்டையைக் கட்ட வார் இருக்கிறது; என் பட்டைகளை நானே ஒட்டுகிறேன். அண்ணை மட்டும் மலையை விட்டுவிட்டார். பலகைகளை நிலவறையில் போட்டுப் பூட்டிவிட்டார். கண்ட இடத்திலெல்லாம் "நோகுதே?" என்பார். "வரும், அண்ணை" என்பேன். அவர் முகம் சுருங்கும். அவர் இல்லாமல் போன பயணம் எனக்கு ருசிக்கவில்லை.

போன மாதம் லா ஷப்பல் மெட்ரோப் படிகளில் சனநெரிசல். அண்ணை எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். யாரோ இடிக்க, பின்வாங்கி என் இடது பாதத்தில் மிதித்துவிட்டார். அவருடைய கனத்த சமையற்கூடச் சப்பாத்து அந்த இரண்டு விரல்கள்மேல் இருந்ததைக் கண்ணால்தான் கண்டேன், விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஐயோ அண்ணை, உயிர் போகுது!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். "நோகுதே? உண்மையாவே?"

"ஓம், ஓம்! காலை எடுங்கோ!"

படியிலேயே நின்று, ஆட்கள் ஏச ஏச, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாற கிழமை பலகையை எடுத்துத் துடைப்பம்" என்றார். எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. மனைவி போன நாளிலிருந்து வராத அழுகை. நோவுக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து அவர் இன்னும் சிரித்தார்.