இடி சிஸ்டர் காலுறையில் நடக்கிறார்

‘மென்மையான குரல், பொறுமை, அதிர்ந்து பேசாத சுபாவம்.’ பச்சிளங்குழந்தைகள் பிரிவின் கடைசி அறையில் வேலை பார்க்கும் செவிலியர் இப்படி இருக்க வேண்டும் என்று நிர்வாகம் அச்சடித்துக் கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளுக்கு நேர்கீழே நின்றுதான் இடி சிஸ்டர் தினமும் யாரையாவது திட்டுகிறார். இரண்டு மாடி தள்ளி, கால் முறிந்து படுத்திருப்பவர்களுக்குக்கூட இன்று யார் அகப்பட்டார் என்பது தெரிந்துவிடும்.

திட்டுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. ஆளை நடைவழிக்குக் கூட்டி வருவார். கதவைச் சாத்துவார். சத்தம் உள்ளே போகாத கனத்த கதவு; நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அவரே வாங்கிப் போட்டது. பிறகு பொரிந்து தள்ளுவார். முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு பூனைபோல உள்ளே நுழைவார்.

உள்ளே அரையிருள். சொட்டும் குழாய்க்குத் துணி சுற்றியிருக்கிறார். டிக்டிக் என்ற குற்றத்துக்காகச் சுவர்க் கடிகாரத்தை நாடு கடத்திவிட்டார்.

அங்கிருக்கும் பிள்ளைகளுக்கு, வயிற்றில் இருந்தபோது தாய் விடமுடியாமல் சாப்பிட்ட போதை தரும் மருந்தில் பங்கு போய்க்கொண்டிருந்தது. தொப்புள்கொடியை வெட்டியதும் பங்கு நின்றது. இரண்டு மூன்று நாளில் கைகால் உதறும். அடுக்கடுக்காகத் தும்மல் வரும். அழுகை கீச்சென்று காதைக் குத்தும். கையை வெறியோடு சப்புகிற பிள்ளை, பாலைக் கொடுத்தால் பிடிக்கத் தெரியாமல் திணறும். கொஞ்சம் வெளிச்சமோ ஓசையோ போதும், மறுபடி ஆரம்பித்துவிடும். “இதுங்களுக்கு உலகமே கொஞ்சம் ஓவர்” என்பது சிஸ்டரின் மருத்துவ விளக்கம்.

போன வாரம் வந்தவள், கிடங்கில் பெட்டி தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட பெண். வலி மாத்திரையில் தொடங்கி, அது இல்லாமல் எழவே முடியாத நிலைக்கு வந்திருந்தாள். கரு தங்கியது தெரிந்ததும் தானே டாக்டரிடம் போய்ச் சொன்னாள். சட்டென்று நிறுத்தினால் பிள்ளைக்கு ஆபத்து என்று அவர் தந்த மாற்று மருந்தை ஒரு நாளும் தவறவிடவில்லை. அப்படியும் பிறந்த மூன்றாம் நாள் மகன் உதறினான். அவள் தொட்டிலைவிட்டு ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்திருந்தாள்.

“நான் தொட்டா இன்னும் அழறான் சிஸ்டர்.”

“பெத்த புள்ளைய இப்படி ஆட்டி வச்சிட்டு, இப்ப தொட்டா என்ன தொடாட்டி என்ன?” என்றார் அவள் மாமியார். அடுத்த நிமிடம் அவர் நடைவழியில் இருந்தார்.

“உங்க மருமக தானா வந்து டாக்டர்கிட்ட உண்மைய சொன்னா. உங்க வீட்ல வேற யாருக்காவது அந்தத் தைரியம் இருக்காம்மா?”

சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அன்று மதியம் பையன் பாலும் குடிக்காமல் தூங்கவும் மறுத்து வீறிட ஆரம்பித்தான். பத்து நிமிடத்தில் தேறாவிட்டால் உதறலை அடக்க மார்ஃபின் சொட்டு மருந்து என்றார் டாக்டர். அதை ஆரம்பித்தால் கண்காணிப்புக்கு வேறு அறைக்கு மாற்றுவார்கள். அங்கே தாய் கூடத் தங்க முடியாது. சிஸ்டர் மருந்தை எடுத்து மேசைமேல் தயாராக வைத்தார்.

“தேவைன்னா குடுப்போம். அது தண்டனை இல்ல, வைத்தியம்தான். ஆனா மொதல்ல நீ.”

பிள்ளையைத் தூக்கி அவள் வெறும் நெஞ்சில் கிடத்தி, இருவரையும் ஒரே போர்வையில் சுற்றினார். அவள் உதடுகள் அசைந்தன.

“என்ன, வேண்டுதலா?”

“அவன்கிட்ட மன்னிப்பு கேக்குறேன் சிஸ்டர்.”

“அடைகாக்குற கோழி முட்டைகிட்ட மன்னிப்பா கேட்டுக்கிட்டு இருக்கு? பேசாம உக்காரு.”

நான்காம் நிமிடம் தும்மினான். ஆறாம் நிமிடம் முதுகை வில்லாக வளைத்தான். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிஸ்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். எட்டாம் நிமிடம் அழுகை தேய்ந்து விக்கலானது. வாய் எதையோ தேடியது. அவள் அவன் தலையைச் சரியாகப் பிடித்து மார்பில் சேர்த்தாள். பையன் குடித்தான், திணறினான், மறுபடி குடித்தான்.

சிஸ்டர் மேசைமேலிருந்த மருந்தை எடுத்துப் போய், அலமாரியில் வைத்துப் பூட்டினார்.