கண்ணாடியில் படிந்த ஈரம்

பெரியம்மா மோசம்போய்ச் செத்தவீடு நடந்தபோது எனக்கு ஏழு வயதிருக்கும். அம்மாவுக்கு மூத்தவர். எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவது அவர்தான். அம்மா சீப்பைத் தொட்டாலே நான் ஊரைக் கூட்டிவிடுவேன். பெரியம்மாவுடைய ஒரே மகனை நான் பெரியண்ணை என்று கூப்பிடுவேன். கனடாவில் இருந்த அவர் வந்து சேரும்வரை உடம்பு பழுதாகக்கூடாதென்று, சாவகச்சேரியிலிருந்து கண்ணாடி மூடி போட்ட குளிர்ப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார்கள்.

கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்தது. மத்தியானம் எல்லோரும் பந்தலுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட, நான் பெட்டியடியில் தனியே நின்றேன். பெரியம்மாவின் முகத்துக்கு நேரே கண்ணாடி மெல்ல மெல்ல வெளுத்தது. கையால் துடைத்தேன். மூக்கு தெரிந்தது, உதடு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வெளுத்தது. என்னுடைய மூச்சோ என்று மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு பார்த்தேன். அப்போதும் வந்தது. ஐயோ, பயந்துதான் போனேன்! ஆனாலும் பயத்தைவிடச் சந்தோஷம்தான் கூட.

பெரியண்ணைக்கு விசா சரிவரவில்லை என்று அன்று காலைதான் தெரிந்திருந்தது. தாயின் முகத்தையாவது காட்டுவோமென்று என் கூடப்பிறந்த அண்ணை கைபேசியில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான்.

"கண்ணாடி ஏன் புகாராக் கிடக்கு?" என்று கேட்டார் பெரியண்ணை.

நான் முந்திக்கொண்டேன். "பெரியம்மா மூச்சு விடுறா. பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கோ!"

பந்தலில் இருந்தவர்கள் எழும்பி வந்தார்கள்.

"விசரி, வாயைப் பொத்து," என்றான் அண்ணை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தான். செத்தவீடென்றாலும் விளக்கம் சொல்லாவிட்டால் அவனுக்குத் தலை வெடித்துவிடும். "உது காத்திலை இருக்கிற ஈரம். மழை நாளிலை காத்து முழுக்க நீராவி. குளிர்ந்த கண்ணாடியிலை பட்டவுடனை தண்ணியாப் படியுது. உள்ளுக்கை இல்லை, வெளியிலை."

என் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் இழுத்து, நனைந்த நுனியை எனக்கே காட்டினான். இனிப் பெட்டியைத் திறக்கமாட்டார்கள் என்று விளங்கிவிட்டது. நான் அழத் தொடங்கினேன்.

அண்ணை துவாயை எடுத்துத் துடைக்கப் போனான்.

"துடையாதை," என்றார் பெரியண்ணை.

"பெரியண்ணை, அது வெறும் தண்ணி..."

"ஓம், தெரியும். கொஞ்ச நேரம் அப்பிடியே விடு."

அண்ணை கைபேசியை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணாடி முழுதும் வெளுத்து முகம் மறைந்த பிறகும் பெரியண்ணை பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"கனடாவிலை உதெல்லாம் படிப்பிக்கிறேல்லையோ?" என்று அம்மாவிடம் கேட்டேன். எனக்கே விளங்கியது பெரியண்ணைக்கு விளங்கவில்லையே என்று, அவரை நினைக்கப் பாவமாக இருந்தது.