கடைசி வரியில் இருந்த எலி

எலியை வெட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் யார் யாரையோ திட்டப்போகிறேன். நான் மட்டும் யோக்கியம் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

புதுச்சேரியில் ஒரு சின்ன நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இதழில் அரைப் பக்கம் என் பொறுப்பு. உலகத்தில் எந்தெந்த மூலையிலோ நடக்கும் ஆராய்ச்சிகளில் புதிதாக என்ன கண்டுபிடித்தார்கள் என்று தமிழில் எழுத வேண்டும். குடலில் வாழும் கிருமி, மறதி நோய், துருப்பிடிக்காத உலோகம், தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் கான்கிரீட் என்று வாரத்துக்கு ஆறேழு துண்டுச் செய்திகள். என் பெயர் வராது. ஆனால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அந்த அரைப் பக்கம் என்னுடையது என்று.

என்னைவிட அதிகமாக அந்தப் பக்கத்தைப் படித்தவர் என் அண்ணன். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் இரும்பைக் கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்துவிட்டு, பக்கத்தைக் கிழித்து மடித்து, திங்கட்கிழமை பட்டறைக்கு எடுத்துப் போவார். டீ வரும் நேரத்தில் மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். "எங்க பாப்பா எழுதுனது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாராம். எனக்கு நாற்பத்தாறு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

பெருமை இருந்தாலும் வாயை அடக்க மாட்டார். இரும்பு, எஃகு என்று ஏதாவது எழுதிவிட்டால் போச்சு, அன்றைக்கே போன் வந்துவிடும்.

"ஏம்மா, எஃகைவிட பல மடங்கு பலம்னு போட்டிருக்கியே, எவ்ளோ பெரிய துண்டு செஞ்சாங்க?"

"ஆய்வுக்கூடத்துல சின்னதாத்தான் செஞ்சிருப்பாங்கண்ணே."

"சின்னதுன்னா? என் சுண்டுவெரல் அளவு இருக்குமா?"

"இருக்காது."

"அப்புறம் என்னா பலம்? தலமுடி அளவு கம்பி எல்லாமே பலமாத்தான் இருக்கும். ஒரு ஷாஃப்ட் போட்டுக் காட்டச் சொல்லு, அப்ப நம்புறேன்."

எனக்குச் சிரிப்பாக வரும், எரிச்சலாகவும் வரும். ஆனால் அவர் கேட்பது சரியான கேள்வி. ஆராய்ச்சிச் செய்தியில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். எவ்வளவு பெரிய துண்டில் செய்தார்கள், எத்தனை பேரிடம் செய்தார்கள், மனிதரிடமா, எலியிடமா, கண்ணாடிக் கிண்ணத்திலா?

அந்தப் பதில் எப்போதும் கடைசி வரியில் இருக்கும். அதுதான் எனக்கு ஆத்திரம். ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்து ஆங்கிலத்தில் வரும் மின்னஞ்சலிலேயே அப்படித்தான் எழுதி அனுப்புகிறார்கள். மேலே புரட்சி, திருப்புமுனை, நம்பிக்கை. எல்லாம் ஆடி அடங்கிய பிறகு, கீழே, மூச்சுக் காட்டாமல் ஒரு வரி: இது இப்போதைக்கு எலிகளில் மட்டுமே. நானும் அதே வரிசையில் எழுதிப் பழகிவிட்டேன்.

பத்திரிகையில் இடம் போதவில்லை என்றால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம் அது. முக்கியமானது மேலே இருக்கும், கீழே இருப்பது போனால் குடி முழுகிப்போகாது. தேர்தல் செய்திக்கும் விபத்துச் செய்திக்கும் அது சரி. ஆராய்ச்சிச் செய்திக்கும் அதே கத்தியைத்தான் போட்டோம். எத்தனை வாரம் எத்தனை எலிகளை வெட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை சர்க்கரைப் புண்ணைப் பற்றி ஒரு செய்தி எழுதியிருந்தேன். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணில் தடவ ஒரு புதுவிதக் களிம்பு. நல்ல ஆராய்ச்சிதான், அதைக் குறை சொல்லவில்லை. கடைசிப் பத்தியில் ஒழுங்காக எழுதியும் வைத்திருந்தேன்: எலிகளில்தான் சோதித்திருக்கிறார்கள், மனிதர்களிடம் இன்னும் தொடங்கவில்லை, மருத்துவர் தரும் சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது. பக்கம் முடிந்துவிட்டது. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு மஞ்சள் நீராட்டு விழா விளம்பரம் வந்தது. தாய்மாமன்கள் அத்தனை பேர் முகமும் தெரிய வேண்டுமாம், பெரிதாகப் போடச் சொன்னார்கள். என் பக்கத்தில் நான்கு வரி போக வேண்டும். பசி வேறு. அந்தச் சர்க்கரைப் புண் செய்தியின் கீழேயிருந்து நான்கு வரியை எடுத்துவிட்டேன். அரை நிமிஷ வேலை.

தலைப்பை ஆசிரியர் மாற்றியிருந்தார். 'சர்க்கரைப் புண்ணுக்கு வந்தாச்சு புது மருந்து!'

"சார், இன்னும் வரலையே" என்றேன்.

"வரப்போவுதுல்ல? வரும்போது மறுபடியும் போடுவோம்" என்று சிரித்தார்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு மூலக்குளத்துக்கு, என் வீட்டுக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அண்ணன் காலில் அப்போது புண் இருந்தது. எனக்குத் தெரியாது. பல வருஷமாகச் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. லேத்தில் இரும்பைச் சீவும்போது சூடான சுருள் தெறிக்கும். ஒரு துண்டு எப்படியோ ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. அதை மிதித்துக்கொண்டே சாயங்காலம் வரை நின்று வேலை பார்த்திருக்கிறார், தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது காலுறை நனைந்திருந்ததை அண்ணிதான் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணன் தடுத்துவிட்டார். சொன்னால் நான் கத்துவேனாம். கத்துவேன்தான். கத்தியிருந்தால் கால் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் இல்லை. போனார்கள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு வரைக்கும் சீழ் போய்விட்டது, கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலை எடுத்தாக வேண்டும், உடனே வந்து சேருங்கள் என்றிருக்கிறார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து என் செய்தியை எடுத்துக் காட்டியிருக்கிறார். இந்த மருந்தைக் கொடுங்கள், விரலை எடுக்க வேண்டாம் என்று. அப்படி ஒரு மருந்து இல்லவே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் என்ன முடிவு கட்டினார் தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு இன்னும் சேதி வரவில்லை என்று. அண்ணி கெஞ்சிப் பார்த்திருக்கிறார். "பேப்பர்ல என் தங்கச்சியே எழுதியிருக்கா. அவளுக்குத் தெரியாததா? இன்னும் ரெண்டு வாரம் பொறு, எங்க கெடைக்கும்னு அவளே எழுதுவா" என்றாராம். துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் பக்கத்தில் அந்த மருந்தைத் தேடியிருக்கிறார். நான் அந்த வாரங்களில் ஏதோ ஒரு வண்டைப் பற்றியும் மடங்கும் மின்கலத்தைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் அண்ணி போன் செய்தார். "பாப்பா, நீ வந்தே ஆவணும். உங்க அண்ணனுக்குக் குளிர் ஜுரம். ரூமுல நாத்தம் தாங்கல." அழுகை கூட வரவில்லை அவருக்கு.

நெல்லித்தோப்பில் அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு விரல் கறுத்துப்போய், பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. கத்தினேன். தெருவே வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "அறிவிருக்காண்ணே உனக்கு? ஒரு கம்பியப் பத்தி எழுதுனா நூறு கேள்வி கேப்ப, இதுக்கு ஒரு போன் போடக்கூடாதா?"

அவர் ஜுரத்தில் நடுங்கிக்கொண்டே தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே என் செய்தி, ஓரம் பார்த்து ஒழுங்காக வெட்டியது. "நீ எழுதுனதுதானம்மா?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

வாங்கிப் படித்தேன். எல்லாம் என் வாக்கியங்கள். 'களிம்பு தடவிய சில நாட்களிலேயே புண் மூடிக்கொண்டது' என்று முடிந்திருந்தது. யாருடைய புண் என்று எங்கேயும் இல்லை. அதற்குக் கீழே அந்த மஞ்சள் நீராட்டு விழா விளம்பரத்தின் மேல் ஓரமும், ஒரு தாய்மாமனின் பாதி நெற்றியும் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் அண்ணனைச் சேர்த்தோம். பெண் டாக்டர், சின்ன வயது. பார்த்தார். முட்டிக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார். அண்ணன் கொடுத்த அந்தப் பிளாஸ்டிக் கவர் டாக்டர் கையில் இருந்தது.

"இந்தக் கட்டிங்கோட இன்னும் ரெண்டு பேர் வந்தாங்க. இத எழுதுனவங்க யாருன்னு தெரிஞ்சா இங்க கூட்டிட்டு வாங்க. இந்த வார்டுல ஒரு நாள் நிக்க வெக்கணும்."

"நான்தாங்க எழுதுனேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாளை அண்ணியிடம் நீட்டிவிட்டு, "எலி மேல பண்ணதுன்னு ஒரு வார்த்த போட்டிருக்கலாம்ல மேடம்" என்று மட்டும் சொன்னார். போட்டேன், வெட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் அலுவலகத்தில் ஆசிரியர் மேஜையில் அந்தத் துண்டை வைத்தேன். திருத்தம் போட வேண்டும், முதல் பக்கத்தில் போட வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இதுல எந்த வார்த்தை தப்பு, காட்டு."

"வார்த்தை தப்பில்ல சார். இல்லாததுதான் தப்பு. தலைப்பு தப்பு."

"இல்லாததுக்கெல்லாம் திருத்தம் போட்டா தெனமும் ஒரு பக்கம் வேணும். உங்க அண்ணன் விஷயம் வருத்தம்தான். ஆனா எலின்னு தலைப்புல போட்டா எவன் படிப்பான்?"

"படிக்காமப் போவட்டும் சார்! படிக்காம இருந்திருந்தா எங்கண்ணன் காலோட இருந்திருப்பாரு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. நல்ல மனிதர்தான், அண்ணன் மருத்துவச் செலவுக்கு அலுவலகத்தில் வசூல் செய்து கொடுத்தவரும் அவர்தான். அது இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது. ஒரேயடியாகக் கெட்டவராக இருந்து தொலைத்தால் என்ன? கடைசியில் திருத்தம் வந்தது, உள்பக்கத்தில், ரயில் நேரத்துக்குக் கீழே, மூன்று வரி. கட்டிங்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த இரண்டு பேர் அதைப் படித்திருப்பார்களா என்று யாரைக் கேட்பது?

அன்றோடு வேலையை விட்டுவிட்டேன் என்று இங்கே எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். விடவில்லை. வேறு வேலை தெரியாது. ஆனால் இப்போது எலியை முதல் வாக்கியத்திலேயே வைக்கிறேன். 'எலிகளுக்கு மட்டும்' என்று ஆரம்பிக்கிறது என் செய்தி. கீழேயிருந்து எவன் வெட்டினாலும் எலி போகாது. ஆசிரியர் முறைக்கிறார். முறைக்கட்டும். அவர் கை வைத்தால் அந்தச் செய்தியையே எடுத்துவிடுகிறேன், அந்த இடத்தில் அவர் கோலம் போட்டுக்கொள்ளட்டும்.

அண்ணன் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு என் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். வேட்டியின் ஒரு பக்கம் முட்டிக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏம்மா, அந்த எலிக்கு எவ்ளோ பெரிய புண்ணு இருந்துச்சு?"

அவர் எப்போதும் கேட்கும் கேள்விதான். எனக்குப் பதிலும் தெரியும், அந்த மின்னஞ்சலிலேயே இருந்தது. பேப்பரை எடுத்துப் புரட்டினேன். அவர் விடவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பித்தான் அளவுக்கு விரலைக் காட்டினேன்.

"தானா வந்த புண்ணா?"

"இல்லண்ணே. அவங்களே வெட்டி உண்டாக்குனது."

அவர் என் விரலைப் பார்த்தார். வருஷக்கணக்கில் மில்லிமீட்டர் கணக்கில் இரும்பைச் சீவிய மனிதர். அளவு அவருக்கு ஒரு பார்வையில் தெரியும்.

"இத சொல்லியிருந்தா, அன்னிக்கே வெரலக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்திருப்பனே பாப்பா" என்றார்.