ஆறு கட்டு விறகு

எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு மாதம்கூட நான் வீட்டுக் கணக்கு எழுதியதில்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சொந்த வீட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளாததை என் மனைவி கடைசிவரை பெருந்தன்மை என்றே நினைத்திருந்தாள். போன வாரம் மகனும் மருமகளும் செல்போனை வைத்துக்கொண்டு தங்கள் மாதச் செலவை மருமகளின் தங்கை வீட்டுச் செலவோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "மளிகைக்கு அவுங்க நம்மளவிட நாலாயிரம் கம்மிப்பா" என்று மகன் சிரித்தான். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். எழுதுவது கொஞ்சம் சுலபம்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. கடலூரில் இருந்தோம். அப்பா அரசாங்கக் குமாஸ்தா. அவருடைய தங்கையை, அதாவது என் அத்தையை, சிதம்பரத்தில் ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். இரண்டு வீட்டிலும் மாதச் செலவுக்கு நோட்டு உண்டு. எழுதுவது பெண்கள், சரிபார்ப்பது ஆண்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாதம் அவர்கள் பாசஞ்சர் பிடித்து இங்கே வருவார்கள்; மறுமாதம் அப்பாவும் நானும் அங்கே போவோம். அம்மா வரமாட்டாள். ஒரு டிக்கெட் மிச்சம்.

சாப்பாடு முடிந்ததும் இரண்டு நோட்டையும் கூடத்தில் விரித்துவைத்து, அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வரிவரியாக ஒப்பிடுவோம். எந்த வீட்டுக் கூட்டுத்தொகை ஜாஸ்தியோ அந்த வீட்டார் அடுத்த மாதத்து ரயில் செலவை ஏற்கவேண்டும். நான் கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் படிக்கிற வேலை எனக்கு. எங்கள் வீடு ஜெயித்தால் அப்பா கால் ரூபாய் தருவார். எங்கள் வீடு ஜெயிப்பது அபூர்வமாக இருந்தது. தோற்ற ஞாயிறுகளுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் அப்பா அம்மாவோடு பேசமாட்டார். தட்டைத் தள்ளி வைப்பதிலேயே சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிவிடுவார்.

அந்த வருடம் சனிக்கிழமைகளில் அம்மா என்னைத் தேவனாம்பட்டினத்துப் பக்கம் சவுக்குத் தோப்புக்குக் கூட்டிப்போனாள். அப்பா ஆபீஸ் போயிருப்பார். உதிர்ந்து கிடக்கும் சருகையும் காயையும் இரண்டு சாக்கில் அள்ளுவோம். சருகு நன்றாக எரியும். திரும்பி வரும்போது அம்மா நாலு இடத்திலாவது மணலில் உட்கார்ந்துவிடுவாள். உதடு வெளுத்திருக்கும். "இன்னாம்மா, இதுக்கே உக்காந்துட்ட?" என்று கேலி செய்வேன். "உன் வயசா எனக்கு?" என்பாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

"சருகு அள்ளுறத அப்பாகிட்ட சொல்லாத, தெரியுதா?" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லமாட்டேன் என்றேன். இதை அழுத்தி எழுதுகிறேன். நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு முதல் ஞாயிறு, எங்கள் வீட்டில். மாமா வெற்றிலையை மடித்தபடி, "அடுத்தது இன்னா மாப்ள?" என்றார்.

"வெறகு. சிதம்பரம் மூணு கட்டு, நாலரை ரூபா. கடலூர் ஆறு கட்டு, ஒம்பது ரூபா."

"ஆறு கட்டா! மச்சான், வூட்ல சோறு ஆக்குறீங்களா, சூளை போட்டிருக்கீங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா? என் தங்கச்சியும் அடுப்புலதான் ஆக்குறா" என்றார். கைக்குழந்தையை மடியில் போட்டிருந்த அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கூட்டிப்பார்த்தேன். எங்கள் நோட்டு இரண்டு ரூபாய் ஜாஸ்தி.

"இந்த வாட்டியும் டிக்கெட்டு உங்க தலையிலதான்" என்றார் மாமா.

ஆனால் எனக்கு வேறொரு விடை தெரியும். கடைக்குப் போய் விறகு சொல்லிவிட்டு வருபவன் நான்தான். ஆறு கட்டு இல்லை, நாலு. இரண்டு கட்டுக்கு மூன்று ரூபாயைக் கழித்தால் ஒரு ரூபாய் வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

"நாலு கட்டுதாம்பா வாங்குனோம். மீதிக்கு சவுக்குச் சருகு. நானும் அம்மாவும்தான் அள்ளியாந்தோம். நாமதான் ஜெயிச்சோம்பா!"

அம்மாவுக்காகத்தான் சொன்னேன் என்று பல வருடம் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி கால் ரூபாய்.

அப்பா அம்மாவை வெளியே கூப்பிட்டார். "ரெண்டு கட்டுக் காசு எங்க?"

அம்மா உள்ளே போய் மல்லித்தூள் டப்பாவைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள். ஏழு மாதத்துக் காசு, இருபத்தோரு ரூபாய்.

"அடேங்கப்பா, தங்கச்சி தனியா பேங்கே நடத்துறாங்க!" என்றார் மாமா.

"எதுக்கு?" என்றார் அப்பா.

அம்மா மாமாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சும்மா சேத்து வச்சேன்."

"அண்ணா, அது வந்து, அண்ணிக்கு..." என்று அத்தை ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா" என்றாள் அம்மா.

அப்பா காசை எண்ணி, வரவில் எழுது என்றார். எழுதினேன். "பொய்க் கணக்கு எழுதுறவ கையில நோட்டு எதுக்கு?" என்று நோட்டையும் பணப்பெட்டிச் சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டார். சொன்ன சொல் தவறாதவர். கால் ரூபாயையும் கொடுத்தார். கடலைமிட்டாய் வாங்கித் தின்றேன்.

அதன்பிறகு வீட்டில் ஐந்து பைசாவுக்கும் அம்மா என்னிடம்தான் வரவேண்டும். நான் கண்டிப்பானவன். என்ன, எவ்வளவு, எதற்கு என்று மூன்றும் கேட்டு எழுதிக்கொண்டுதான் பெட்டியைத் திறப்பேன். அப்பா என்னைப் பற்றி ஆபீஸில் பெருமையாகச் சொன்னாராம்.

அடுத்த மாதம் ஒரு காலை, பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மா வந்து நின்றாள். "ஒரு ரூபா குடுடா. சிதம்பரம் போய் அத்தையப் பாத்துட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்."

"போன வாரம்தான நானும் அப்பாவும் போய்ப் பாத்தோம்? எதுக்குன்னு எழுதறது?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுதாம குடுக்க முடியாதாடா?"

"அப்பா கேப்பாரும்மா."

"சரி வுடு. இஸ்கூலுக்கு நேரமாவுது, போ."

நான் நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனேன்.

எனக்கு விவரம் வந்தபின் அத்தை சொன்னாள். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. ஒரு வருடமாக இரத்தம் நிற்கவில்லை. கடலூரில் ஆண் டாக்டரிடம் போக வெட்கம். அப்பாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. சிதம்பரத்தில் ஒரு லேடி டாக்டரை அத்தை பார்த்துவைத்திருந்தாள். முதலில் இருபது ரூபாய் கட்டினால் ஆபரேஷன் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். டப்பா பிடுங்கப்பட்ட அன்றே அத்தை கொல்லைப்புறத்தில் அம்மாவிடம், "என் வளையல அடகு வெச்சிடறேன் அண்ணி, நீங்க எப்பிடியாவது வந்து சேருங்க, போதும்" என்று சொல்லியிருக்கிறாள். டிக்கெட் காசுதான் வேண்டியிருந்தது.

அந்த வருடம் தை பிறப்பதற்குள் அம்மா போய்விட்டாள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது சாவு அல்ல. அவள் ரூபாய் கேட்டதற்கு அடுத்து வந்த முதல் ஞாயிறு. அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். மாதம் முழுவதும் நானே எழுதிய முதல் கணக்கு. அதுவரை எங்கள் வீட்டில் அவ்வளவு குறைவாகச் செலவானதே இல்லை. பதினோரு ரூபாய் வித்தியாசம். மாமாவே என் முதுகில் தட்டினார். அம்மா சமையலறையில் வாசற்படியோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும், அவளும் சந்தோஷப்படட்டும் என்று கடைசி வரியை மட்டும் உரக்கப் படித்தேன்.

"ரயில் செலவு. கடலூர், ஒண்ணுமில்ல."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நான் பேசப்பேச எழுந்து உள்ளே அம்மாவிடம் போய்விட்டாள். தோற்றுப்போன கோபம் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவிடம் கையை நீட்டினேன்.