மாத்திரை வராத மூன்று வாரம்

மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டில் ஒருவருக்கு இருமல் வந்தால் அது ஊருக்கே சொந்தம். காய்ச்சல் என்றால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கால் முறிந்தால் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். இருமல் என்றால் மட்டும் ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருக்கும், ஒரு சந்தேகமும் இருக்கும். வைத்தியத்தை முகத்துக்கு நேரே சொல்வார்கள். சந்தேகத்தை நான் நாலடி தள்ளிப் போனபின் சொல்வார்கள். மலைக்காற்றில் பேச்சு எவ்வளவு தூரம் கேட்கும் என்பது இங்கேயே பிறந்தவர்களுக்குக்கூடத் தெரியவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைப்பவள். பதினாறு வருடமாக அதே அடுப்படி. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது; சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடுப்பு முன்னால் நின்றால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அரிசி என்னைக் கேள்வி கேட்காது. பிள்ளைகள் தட்டை நீட்டுவார்கள், நான் போடுவேன். இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் தட்டை எடுக்காமல் நிற்பார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

மாதாமாதம் வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் பெண் ஒரு நாள் என் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்துப் பார்த்து, பிரஷர் என்றாள். அவளே ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினாள். டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். தினம் ஒன்று, ஆயுசுக்கும்; மாதம் ஒருமுறை வந்து காட்டணும் என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கூச்சம். அவருக்கு என்ன காரணமோ, எனக்குத் தெரியாது.

மாத்திரை தொடங்கி இரண்டாவது மாதம் இருமல் வந்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. சாமை உமி தொண்டையில் ஒட்டிக்கொண்டதுபோல ஓர் அரிப்பு. அரிப்பு வந்தால் அடக்க முடியாது. சாம்பார் அண்டாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, முந்தானையை வாயில் அடைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு இருமுவேன்.

என்னோடு அடுப்படியில் உதவிக்கு இருந்தவள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, இவ்வளவு இருமறீங்க, சளியே வரமாட்டேங்குதே. உள்ளாறயே கட்டிக்கிச்சோ என்னமோ."

"ஒண்ணுமில்ல கண்ணு."

"எங்க சித்தப்பனும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிட்டிருந்தாருங்க. அப்புறம் தூக்கிட்டுப் போயி சுடுகாட்டுல வெச்சுட்டு வந்தோம்."

அவளுக்கு ரொம்ப நாளாக அடுப்பின் மேல் ஒரு கண். அதனால் அவளுடைய சித்தப்பனை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கணவரின் அக்காவை நங்கை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு வேறு கண்டுபிடிப்பு. பாறையில் முளைக்கும் முடவாட்டுக்கால் கிழங்கு இருக்கிறதே, ஆட்டுக்கால்போல ரோமத்தோடு இருக்கும். அதை மூட்டுவலிக்குச் சூப்பு வைத்துக் குடிப்பார்கள். அவர் அதை எல்லாவற்றுக்கும் கொடுப்பார். வயிற்றுப்போக்குக்குக் கொடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். தினம் காலையும் மாலையும் ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். மிளகு தூக்கல். உப்பு அதைவிடத் தூக்கல். நாக்கு மரத்துப்போகும்.

"உப்புக் கரிக்குதுங்க நங்கை."

"கரிச்சாத்தான் சாமி தொண்டையில இருக்கறத அறுத்துக்கிட்டு வரும். குடி, குடி. மூஞ்சியச் சுளிக்காத."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த ஒரு வார்த்தை வராது. மாதக்கணக்கில் குடித்தேன்.

அடுத்த தடவை பட்டை சுற்றியபோது மாத்திரைப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "ஏறியிருக்குதுங்களே அக்கா. மாத்திரைய ஒழுங்கா முழுங்கறீங்களா, இல்ல தூக்கி வீசிட்டு முழுங்கினேங்கறீங்களா?" டாக்டரிடம் போனேன். அவர் ஒன்றை இரண்டாக்கினார். இருமலும் இரண்டானது. நங்கை அதைப் பார்த்துவிட்டு மூன்றாவது சொம்பைத் தொடங்கினார்.

இதற்குள் பெற்றோர் பேச ஆரம்பித்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மலைக்குக் கீழிருந்து வந்தவர். வெள்ளிக்கிழமை மணியடிக்கும் முன்பே பஸ்ஸில் துண்டு போட்டுவிடுகிறவர். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. பேரண்ட்ஸ்தான் சொல்றாங்க. பிள்ளைங்க விஷயம் பாருங்க. டி.பி. இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

சளி பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். வறட்டு இருமலுக்குச் சளிக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பலா மரத்தடியில் அரைமணி நேரம் நின்று, காறிக் காறி, எச்சிலா சளியா என்று எனக்கே தெரியாத ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெஞ்சுப்படம் எடுக்கக் கீழேயும் போனேன். பஸ் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்வரை ஒரு வளைவு விடாமல் இருமினேன். பக்கத்தில் இருந்தவர் பத்தாவது வளைவிலேயே எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிறவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை.

டி.பி. இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தலைமை ஆசிரியர் அதைப் பெற்றோர் கூட்டத்தில் உரக்கப் படித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"ஏனுங் சார், வியாதி இல்லாதவங்களுக்கு எதுக்குங்க சீட்டு? எங்க ஊட்டுல யாருக்கும் சீட்டு இல்லீங்களே. எங்களுக்கெல்லாம் வியாதியா இருக்குது?"

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. தலைமை ஆசிரியரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பி.எட். படித்த தலை அது.

இருமல் நிற்கும்வரை நான் அடுப்பருகே வரக்கூடாது, வெளியே பாத்திரம் கழுவலாம் என்று முடிவானது. அரைப்பரீட்சை லீவு முடிவதற்குள் நிற்காவிட்டால் வேறு ஆள் கேட்டு எழுதுவார்களாம். கரண்டி உதவிக்காரியின் கைக்குப் போனது. அவள் முதல் நாள் வடித்த சோறு குழைந்து களியாக இருந்தது. பிள்ளைகள் தட்டைப் பார்த்துவிட்டு வெளியே என்னைப் பார்த்தார்கள். நான் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் மலைப்பாதையில் பாறை விழுந்தது. சில நாள் பஸ் இல்லை. அந்த மாதம் வரவேண்டிய மாத்திரை கீழேயே நின்றுபோனது. பாதையைச் சரிசெய்த பிறகும் இன்று வரும், நாளை வரும் என்று மாத்திரைப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். மொத்தம் மூன்று வாரம். பின்மண்டை கல் வைத்ததுபோல் கனத்தது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. ஆனால் இரண்டாவது வாரத்தில் இருமல் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அண்டா, குண்டான், எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் உறைத்தது. ஒரு தடவைகூட நான் இருமவில்லை.

எனக்கு உறைப்பதற்குள் மற்றவர்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

"பாத்தியா சாமி, என் கிழங்கு!" என்றார் நங்கை.

"நான் கோயிலுக்கு நேந்துக்கிட்டேனுங்கக்கா, உங்களுக்குச் சொல்லல" என்றாள் உதவிக்காரி. என்னவென்று நேர்ந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

தலைமை ஆசிரியர் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "வெளிக்காத்துல வேலை செஞ்சீங்க பாருங்க, அதான் சரியாயிடுச்சு. நான் அன்னிக்கே நினைச்சேன்."

மறுபடியும் அடுப்புக்குப் போனேன். இரண்டு நாளில் மாத்திரையும் வந்து சேர்ந்தது. விழுங்க ஆரம்பித்தேன். ஐந்தாம் நாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது தொண்டையில் அந்த உமி வந்து ஒட்டியது. நான் இருமியதும் உதவிக்காரி என் பக்கத்திலிருந்த கரண்டியை எடுத்துக்கொண்டாள். நான் வாசலில் இறங்கி நின்றேன். பத்தாவதுவரை படித்தவள், கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. மாத்திரை இருந்தால் இருமல் இருக்கிறது. மாத்திரை இல்லாவிட்டால் இருமல் இல்லை. கிழங்கு இரண்டு காலத்திலும் இருந்தது. அது செய்ததெல்லாம், உப்பை ஏற்றி பிரஷரை ஏற்றியதுதான். பிரஷரைப் பார்த்து டாக்டர் மாத்திரையை ஏற்றினார். மாத்திரை இருமலை ஏற்றியது. இருமலைப் பார்த்து நங்கை சொம்பை ஏற்றினார். எல்லோரும் எனக்கு நல்லதுதான் செய்துகொண்டிருந்தார்கள்.

மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அடுப்பு கையை விட்டுப் போகாது. ஆனால் என் அப்பா பின்மண்டை கனக்கிறது என்று சொன்ன அன்றே மிளகுக்கொடி அடியில் விழுந்து, ஒரு கை ஒரு கால் விளங்காமல் ஏழு வருடம் கிடந்தவர். பின்மண்டைக் கனம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆகவே வேறு வழியில்லை. வாயைத் திறந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகும்போது சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. டாக்டர் வழக்கம்போல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "என்னம்மா, அதேதானே?" என்றார். நான் மாத்திரை அட்டையை எடுத்து, அவர் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேல், பேனாவுக்கு முன்னாலேயே வைத்தேன். பேனா நின்றது.

"இதுதானுங்க எனக்கு இருமல்."

அவர் நிமிர்ந்தார். அவருக்கு மீசை இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எத்தனை நாளா?"

"ஒம்பது மாசமாங்க."

"அட, இந்த மாத்திரை சில பேருக்கு வறட்டு இருமல் கொடுக்கும்மா. முன்னாடியே வந்து சொல்றதுக்கென்ன?"

ஒன்பது மாதமாக மாதம் ஒருமுறை அவர் முன்னால் நின்று இருமியிருக்கிறேன். அதைவிட உரக்க எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சூப்பைப் பற்றியும் சொன்னேன். "உப்பா? பிரஷருக்கா? யாரு குடுத்தா?" என்று கேட்டார். ஊர் முழுக்க என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை. வேறு மாத்திரை எழுதினார். "இதுல கால் கொஞ்சம் வீங்கலாம். ரொம்ப வீங்குனா வந்து சொல்லுங்க, வெச்சிருந்து வெச்சிருந்து வராதீங்க" என்றார்.

இருமல் இரண்டே வாரத்தில் போய்விட்டது. அரைப்பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று நான்தான் உலை வைத்தேன். நங்கையின் சொம்பை வாசலிலேயே மறித்து, "வேண்டாமுங்க" என்றேன். ஒரு வார்த்தைதான். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இந்த மாத்திரைகளின் பக்கவிளைவுகளிலேயே நல்லது அதுதான்.

தை பிறந்ததும் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் ஒன்றுமிருக்காது; சோறு வடிக்கும் நேரத்தில் மெட்டி இறுகும். குண்டானைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காய் நறுக்குவேன். உதவிக்காரி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் ஆரம்பித்தாள்.

"ஏனுங்கக்கா, யானைக்காலா இருக்குமோ?"

நங்கைக்கும் சேதி போய்விட்டது. "காலுக்குத்தானே அந்தக் கிழங்கே!" என்று கோபத்தை மறந்து சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாராம். மறுநாள் தலைமை ஆசிரியர் அடுப்படி வாசலுக்கே வந்தார். கையில் கைக்குட்டை தயாராக இருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. பேரண்ட்ஸ்தான்..."

நான் கவிழ்த்த குண்டானிலிருந்து காலை எடுக்கவில்லை.

"மாத்திரைங்க சார். பிரஷர் மாத்திரை. வீங்கும்னு டாக்டரே சொல்லிட்டாருங்க. அடுத்த வாரம் போயிக் காட்டுவேன். சீட்டு வேணும்னா இந்தத் தடவை நீங்களே போயி வாங்கிக்குங்க."

பதினாறு வருடத்தில் அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனார். உதவிக்காரி கரண்டிக்குக் கை நீட்டினாள். உலை பொங்கி வந்துகொண்டிருந்தது. நான் காலை இறக்கி, மூடியைத் தள்ளி, கரண்டியை எடுத்தேன்.

"நீ போயித் தட்டை எடுத்து வெய்யி கண்ணு" என்றேன்.