நாலாயிரம் சுற்றில் வெடிக்கிறது

யுத்தத்தின் கடைசி வருடங்களில் மாத்தளையில் எனக்கு ஒரு சிறிய கராஜ் இருந்தது. ஜப்பான் கார்களின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. அந்த எஞ்சின்களில் வால்வு திறக்கும் நேரம் ஓட்டத்திலேயே மாறும். அது மாறினால் உள்ளே போகும் காற்றும் மாறும். காற்று கூடும் இடத்தில் பெட்ரோலைக் கூட்டி, ஸ்பார்க்கைக் கொஞ்சம் பிந்த வைக்க வேண்டும். பிசகினால் உள்ளே முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டன் போய்விடும். நிறுத்திய வண்டியில் இதைச் சரியாகப் பார்க்க முடியாது. ஏற்றத்தில் வண்டி இழுக்கும்போது, பக்கத்து சீட்டில் லப்டொப்போடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சீகிரியாவில் ஹோட்டல் வைத்திருந்த ஒரு சிங்கள முதலாளி, பந்தயத்துக்காகத் தன் காரைக் கொண்டுவந்தார். மூன்று மாதப் பழக்கம். என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். "மல்லி" என்று தோளில் கை போடுவார். தம்பி என்று அர்த்தம்.

ஒரு நாள் நாவுல என்ற ஊர்ப் பக்கம் அவர் ஓட்ட, நான் லப்டொப்பைப் பார்த்துக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியில் மறித்தார்கள். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து என் மடிக்கு வந்த வயர்களை ஒரு சிப்பாய் பார்த்தான். பிறகு என் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தான். இறங்கச் சொன்னான்.

என் குறிப்புப் புத்தகம் தமிழில் இருந்தது. தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் சத்தமாக வாசித்தார்: "நாலாயிரம் சுற்றில் முன்னாடியே வெடிக்குது. ஸ்பார்க்கை ரெண்டு டிகிரி பிந்த வைக்கவும்."

"எங்க வெடிக்குது?" என்றார்.

"எஞ்சினுக்குள்ளங்க, ஐயா. பெட்ரோல்."

அவர் அதை மொழிபெயர்த்தபோது 'வெடிக்குது' மட்டும்தான் அவர்களுக்குக் கேட்டது. அதிகாரி முதலாளியிடம் திரும்பி, இவனைத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார்.

"வண்டி திருத்தக் கொடுத்தேன், சேர். ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது."

எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். லப்டொப்பையும் கேபிளையும் பிடுங்கிக்கொண்டு அவரையும் காரையும் விட்டார்கள். அவர் என் பக்கம் பார்க்காமலே போனார்.

பத்தொன்பது நாள் உள்ளே இருந்தேன். எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தினமும் ஒருவருக்கு விளக்கினேன். அறைந்தவர்களுக்கும் விளக்கினேன். என் மனைவி இரண்டு பஸ் மாறி அந்த ஹோட்டலுக்குப் போய், நான் அவருக்குத் தெரிந்த ஆள் என்று ஒரு கடிதம் கேட்டிருக்கிறாள். தனக்குப் பொலிஸில் யாரையும் தெரியாது, இந்த நேரத்தில் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அவள் வாசலோடு திரும்பினாள்.

குற்றம் எதுவும் இல்லை என்று விட்டபோது லப்டொப்பைத் தரவில்லை. விசாரணை முடியவில்லையாம்.

நாலாவது நாள் முதலாளி கராஜுக்கு வந்தார். கையில் என் லப்டொப்பும் கேபிளும்.

"பெரிய இடத்தில் பேசி எடுத்தேன், மல்லி. ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள். பந்தயம் கிட்ட வந்துவிட்டது."

அந்த ஒரு நாளைத்தான் நான் நினைத்தேன். ஒரு போன் பேச்சு. எனக்காகப் பேசாத அதே போன்.

கராஜுக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து மனைவி கேட்டாள்: "இந்தாளுக்கு வேலை செஞ்சி குடுக்கப் போறீங்களா?"

நான் கேபிளைக் காரில் மாட்டினேன். மூன்று மாதம் ஏற்றம் ஏற்றமாக ஓடிச் சேர்த்த திருத்தங்கள் எல்லாம் காரின் கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றை அழித்து, கம்பெனி போட்டிருந்த பழைய கணக்கையே ஏற்றினேன். அரைகுறையாக விட்டிருந்தால் அவர் ஓட்டி எஞ்சினை உடைத்திருப்பார். அதற்கு மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "இழுவை இல்லையே?"

"உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இப்போது இருக்கிறது, மாத்தயா. வேறு ஆளைப் பாருங்கள்."

அவருக்குக் கோபம் வந்தது. எனக்காக எவ்வளவு சிரமப்பட்டார் என்று சொன்னார். நன்றியில்லாதவன் என்றார். நன்றாகச் சிங்களம் பேசும் எனக்கு அதற்குமேல் ஒரு வார்த்தைகூட வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வயரைச் சுற்றினேன்.

கொழும்பில் யாரிடமோ கொடுத்துப் பந்தயத்தில் ஓடினார் என்று கேள்விப்பட்டேன். நான் அதற்குப் பிறகு எவர் வண்டியிலும் லப்டொப்போடு ரோட்டுக்கு இறங்கவில்லை. பிரேக்கும் கிளட்சும் பார்த்தேன். அவரிடம் சொல்லாமல் விட்ட வார்த்தைகள் இன்றைக்கும் சிங்களத்தில்தான் வருகின்றன, ஒன்றுகூடத் தப்பில்லாமல்.