எட்டாம் பெட்டியில் நீலத்துணி

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லாரும் மண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மக்கும் பிளாஸ்டிக் என்று பெயர் சொல்லிக்கொண்டு வருவதையெல்லாம் மண்பெட்டியில் புதைப்பது, வெள்ளிக்கிழமைதோறும் தோண்டி எடுத்துக் கழுவிக் காயவைத்து எடை போடுவது. பத்தொன்பது வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. எடை குறைந்தால் விஞ்ஞானி கைதட்டுவார். குறைந்ததற்குக் கைதட்டுகிற ஆபீஸ் வேறெங்கே உண்டு?

பெட்டி மண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பிளாஸ்டிக்கோடு ஒரு துண்டு பருத்தித் துணியும் புதைப்பார்கள். நல்ல மண்ணென்றால் ஒரு மாதத்தில் நூல்கூட மிஞ்சாது. ஸ்டோரில் துணி தீர்ந்துபோன வாரம், அவள் கணவருடைய நீலச் சட்டையைத் துண்டுகளாக வெட்டிக்கொண்டு வந்தாள். அவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சட்டையை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை, அலமாரியில் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. மண்ணுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

எட்டாம் பெட்டிக்கு வந்தது, செடிப் பாத்திகளில் களை வராமல் விரிக்கும் கறுப்பு ஷீட். சாதாரண மக்கும் ஷீட் தொட்டாலே கிழியும். இதில் கிராஃபீன் என்ற கரித்தூளைக் கலந்ததும் இரண்டு பேர் பிடித்து இழுத்தாலும் கிழியவில்லை. விஞ்ஞானிக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சமிருந்த சுருள்களை, நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் தன் தம்பிக்கு அவளே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

நான்காம் வெள்ளி. மற்ற பெட்டிகளில் சட்டை போன இடம் தெரியவில்லை. எட்டாம் பெட்டியில் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது, இஸ்திரி மடிப்புகூடக் கலையாமல். அந்த மண்ணில் மண்வாசனையே இல்லை. துணியை முகர்ந்தாள். அவர் முகம் மழிக்கும் சோப்பின் வாசனை அடித்தது.

"ஏங்க, நீங்களா?" என்றாள்.

துணி மக்காவிட்டால் உடனே சொல்லிப் பெட்டியைக் காலிசெய்ய வேண்டும், அதுதான் விதி. அவள் சொல்லவில்லை. பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கே தெரியும். ஆனால் அவர் போனபிறகு முதல்முறையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கலப்பு நூலாக இருக்குமோ என்று ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தாள். காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாய் உதிர்ந்தது. சுத்தப் பருத்தி. ஐந்தாம் வாரம், ஆறாம் வாரம், எட்டாம் வாரம் என்று துணி நீலமாகவே வெளியே வந்தது. ஒவ்வொரு முறையும் கன்னத்தில் ஒற்றிவிட்டு மூடிவைத்தாள்.

ஒன்பதாம் வாரம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஷீட்டுக்கு அடியில போன மாசம் மாட்டுன இலையெல்லாம் இன்னும் பச்சையா இருக்கு. ஒரு தவளை செத்து உக்காந்திருக்கு. அழுகவே இல்ல. எறும்புகூட மொய்க்கல. கண்ணைத் தொறந்துக்கிட்டு என்னையே பாக்குது."

அவள் குறுக்கிட்டாள். "எத்தன பாத்தியில விரிச்ச?"

"முதல்ல ஒண்ணுலதான். போன வாரம் எல்லாத்துலயும் விரிச்சுட்டேன். நீ குடுத்ததாச்சே."

அன்றே விஞ்ஞானியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கலவை ஏட்டைப் புரட்டினார், முகம் வெளுத்துப்போனது.

"கிழியவே கூடாதுன்னு கரித்தூளப் பத்து மடங்கு போட்டுட்டேன். அதுல மண்ணே செத்துப்போச்சு. தப்பு என்னோடதுதான்." ஏட்டை மூடினார். "ஆனா நாலாவது வாரமே சொல்லியிருந்தீங்கன்னா, ஒரு பாத்தியோட போயிருக்கும்க்கா."

ஷீட்டையெல்லாம் உரித்து எடுத்தாயிற்று. இப்போது அவள் வேலை முடிந்ததும் ஏழாம் பெட்டியின் உயிருள்ள மண்ணை வாளியில் கொண்டுபோய்த் தம்பியின் பாத்திகளில் கலக்கிறாள். மண் பிழைத்ததா என்று தெரிந்துகொள்ள, மிச்சமிருந்த சட்டைத் துண்டுகளைப் பாத்திக்கு ஒன்றாகப் புதைத்திருக்கிறாள்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை முதல் பாத்தியைத் தோண்டினாள். தம்பி பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. மண்ணுக்குள்ளிருந்து நீலம் எட்டிப்பார்த்தது. மடிப்பு கலையவில்லை. அதே சோப்பு வாசனை.

அவள் அதைக் கன்னத்தில் ஒற்றவில்லை.

"போதுங்க," என்றாள். "தம்பி பொழைக்கணும். கிளம்புங்க."

யாரிடம் பேசுகிறாய் என்று தம்பி கேட்கவில்லை. துணியை உள்ளே வைத்து, அக்காவும் தம்பியுமாக அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடினார்கள்.